டேப்லெட்டில் கோடு சரியாக விழவில்லையா? நிப்பையும் ஸ்க்ரீன் கார்டையும் சந்தேகப்படும் முறை

சிலேட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சொரசொரப்பான சிலேட்டில் எழுத்து பளிச்சென்று விழும், ஆனால் பலப்பம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். வழவழப்பான சிலேட்டில் பலப்பம் நாள்கணக்கில் வரும், எழுத்துதான் விழாது. டேப்லெட்டும், அதன் பேனா முனையான நிப்பும் அதே கதைதான். பேனா பிடித்து ஓட வேண்டுமென்றால் உராய்வு வேண்டும்; உராய்ந்தால் ஏதோ ஒன்று தேயும். தேயப்போவது நிப்பா, மேலே ஒட்டிய ஃபிலிமா, திரையா என்பதுதான் கேள்வி. மூன்றில் எது விலை குறைவோ அது தேயட்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்பது என் கட்சி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

கையில் இருப்பது எந்தப் பேனா?

எல்லாவற்றையும் ஸ்டைலஸ் என்றே சொல்கிறோம், ஆனால் உள்ளே வேலை நடக்கும் விதம் வேறு வேறு. ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி இருக்கிறது. முனையிலிருந்து வரும் மின்சைகையைத் திரை பிடித்துக்கொள்கிறது. நிப் திருகு வகை. 2015-இல் வந்த முதல் பென்சில், 2018-இல் வந்த இரண்டாவது, 2023-இன் யூஎஸ்பி-சி, 2024-இன் ப்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே நிப்தான். இவற்றில் யூஎஸ்பி-சி பென்சிலுக்கு மட்டும் அழுத்தம் தெரியாது. எவ்வளவு அழுத்தினாலும் கோடு அதே தடிமன்தான். இது தெரியாமல் வாங்கிவிட்டு, கோடு தடிக்கவே மாட்டேன் என்கிறதே என்று நிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பாவம், நிப் என்ன செய்யும்.

சாம்சங்கின் எஸ் பென்னும், வரைவதற்கென்றே டேப்லெட் செய்யும் வாகாம் நிறுவனத்தின் பேனாக்களும் வேறு ரகம். திரைக்குக் கீழே இருக்கும் தகடு மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதற்குப் பதில் சொல்கிறது. வரைவதற்குப் பேனாவில் பேட்டரியே தேவையில்லை. நிப்பை இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

மூன்றாவது ரகம், 'ஐபேட் பென்சில்' என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவை. உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாது, சிலவற்றில் சாய்வு தெரியும், அழுத்தம் பெரும்பாலும் தெரியாது. குறிப்பெடுக்கப் போதும். ரப்பர் முனை, வட்டத் தகடு முனை வைத்த பேனாக்கள் விரலுக்குப் பதிலாக இருப்பவை. அவற்றைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

ஒரு சோதனைக் கோலம்

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைப் போடுங்கள். ஸ்டெபிலைசர், ஸ்ட்ரீம்லைன் போன்ற கோடு திருத்தும் வசதிகளை எல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய பிரஷ். 5-க்கு 5 நேர்ப்புள்ளி வையுங்கள். புள்ளியை வைத்த இடத்திலேயே மறுபடி நிப்பை வைத்துப் பாருங்கள், அதே இடத்தில் விழுகிறதா என்று. அப்புறம் புள்ளிகளைச் சுற்றி மெதுவாக ஒரு சிக்குக் கோலம். வளைவுகளில் கம்பி அறுகிறதா, கோணுகிறதா, எந்த மூலையில் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். கடைசியாக மரஸ்கேல் ஒன்றை மூலைக்கு மூலையாகச் சாய்த்து வைத்து, நத்தை வேகத்தில் ஒரு கோடு. பக்கத்திலேயே மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக அழுத்தி இன்னொரு கோடு.

இந்தக் கோலத்தை ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை போட்டுச் சேமித்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இதுவரை அப்படிச் செய்ததில்லை என்றால், அடுத்த ஃபிலிம் வாங்கும்போதாவது செய்யுங்கள். இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிப், ஃபிலிம், ஆப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது திருடன் என்று கடைசிவரை தெரியாது.

பேனா வழுக்குகிறது

ஸ்க்ரீன் கார்டு தேடி வருபவர்களில் அதிகம் பேர் இந்தக் காரணத்துக்காகத்தான் வருகிறார்கள். வெறும் கண்ணாடியில் கடினமான பிளாஸ்டிக் நிப் ஐஸ் மேல் போவதுபோலப் போகும். குறிப்பாக எழுத்து வடிவம் வரைபவர்களுக்கு இது பெரிய இம்சை. 'ழ'வின் கீழ் வளைவில் நிறுத்த நினைத்த இடத்தில் பேனா நிற்காது.

டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதுவும் கண்ணாடிதான். திரை உடையாமல் காக்கும், வழுக்கலைக் குறைக்காது. மொபைல் கடைகளில் மிஷினில் வெட்டி ஒட்டித் தரும் ஹைட்ரோஜெல் இதற்கு நேரெதிர். அது மிருதுவான பாலியூரிதேன். நிப் அதில் புதைந்து, பூரி மாவில் குச்சியால் எழுதுவதுபோல இழுக்கும். கொஞ்ச நாளில் அடிக்கடி வரையும் இடத்தில் பள்ளம் விழும். போனுக்கு ஒட்டிக்கொள்ளட்டும், வரையும் டேப்லெட்டுக்கு வேண்டாம்.

வழி இரண்டு. ஒன்று, பேப்பர் மாதிரியான மேட் ஃபிலிம். இது பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த படலம். மேலே நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். எல்லா மேட் ஃபிலிமும் ஒன்றல்ல. ஜப்பானின் எலெகாம் நிறுவனம் கெண்ட் தாள், உயர்தரத் தாள் என்று சொரசொரப்பைப் பிரித்தே விற்கிறது. கெண்ட் என்பது ஓவியர்கள் இங்க் போடும் வழவழத் தாள். அந்த வகை ஃபிலிம் நிப்பைக் குறைவாகத் தின்னும். நகத்தை ஃபிலிம் மேல் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: 'சர்ர்' என்று உரத்துக் கத்தினால் அது நிப்பைத் தின்னும் ஃபிலிம். காது கூர்மையாக இருப்பவர்களுக்குப் பெட்டியில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது.

இரண்டாவது வழி, திரையை விட்டுவிட்டு நிப்பை மாற்றுவது. ஆப்பிள் பென்சில் முனையில் மாட்டும் மெல்லிய சிலிக்கான் உறைகள் கிடைக்கின்றன. வாகாமில் ஃபெல்ட் நிப் என்றே தனியாக உண்டு, கம்பளித் துணி அழுத்திச் செய்ததுபோல இருக்கும், பிடிமானம் நன்றாக வரும். நிறத்தை நம்பி வேலை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் திரையின் தெளிவு அப்படியே இருக்கும். சிலிக்கான் உறையின் குறை, சில வாரங்களில் நுனி கிழிந்து பிசுபிசுக்க ஆரம்பிக்கும். மலிவு என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஃபெல்ட் நிப்பையும் சொரசொரப்பான மேட் ஃபிலிமையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டு நாளில் நிப் பஞ்சு பஞ்சாகிவிடும்.

நிப் மளமளவென்று தேய்கிறது

முதலில் அது உண்மையிலேயே தேய்கிறதா என்று பாருங்கள். நிப்பைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். புது நிப்பின் நுனி அரிசியின் முனைபோல எல்லாப் பக்கமும் ஒரே உருண்டையாக இருக்கும். தேய்ந்த நிப்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னத் தட்டை விழுந்திருக்கும். அந்தத் தட்டை பளபளவென்று வெளிச்சத்தை அடிக்கும். தட்டையின் விளிம்பை விரல்நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் ஓடும். நகத்தைச் சீவுவதுபோல மாட்டினால் அது உளியாகிவிட்டது, மாற்ற வேண்டிய நேரம்.

ஒரே பக்கம் தேயக் காரணம் நாம் பேனாவை எப்போதும் ஒரே சாய்வில் பிடிப்பது. ஆப்பிளின் இரண்டாவது பென்சிலிலும் ப்ரோவிலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அந்தத் தட்டை விரலுக்குப் பழகிவிடுவதால் தினமும் நிப்பின் அதே பக்கம்தான் திரையில் படும். முதல் பென்சில் முழு உருளை, கையில் உருண்டுகொண்டே இருக்கும், தேய்மானம் கொஞ்சம் பரவும். எஸ் பென், வாகாம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: நிப்பை இழுத்து எடுத்து, அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி செருகிவிடலாம். ஆயுள் கூடும். திருகு நிப்பில் இந்த வித்தை பலிக்காது; முடுக்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

ஆப்பிள் நிப்பில் வெள்ளை தேய்ந்து உள்ளே உலோகம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இன்னும் ஒரு படம் முடித்துவிடலாம் என்ற ஆசைதான் திரைக்கு எமன்.

மற்றபடி, மேட் ஃபிலிம் ஒட்டிய பிறகு நிப் சீக்கிரம் தேய்வது கோளாறு இல்லை, ஃபிலிம் அதன் வேலையைச் செய்கிறது. சாம்சங்கின் புதிய டேப் எஸ் பேனாக்களில் நிப் ரப்பர் போல மிருது என்பதால் அங்கே இன்னும் வேகமாகக் குறையும். தாங்கவில்லை என்றால் கெண்ட் வகைக்கு மாறுங்கள், இல்லையென்றால் உபரி நிப் ஒரு பாக்கெட் வாங்கி மேஜையில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அதோடு அழுத்தக் கோட்டையும் ஒருமுறை பாருங்கள். ப்ரொக்ரியேட், க்ளிப் ஸ்டுடியோ என்ற இரண்டு வரையும் ஆப்களிலும் அழுத்த வளைவை, அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற கணக்கை, மாற்றும் வசதி இருக்கிறது. வளைவைக் கொஞ்சம் மேலே தூக்கினால், குறைந்த அழுத்தத்திலேயே தடித்த கோடு வரும். நிப்புக்கும் நல்லது, மணிக்கட்டுக்கும் நல்லது. நான் பல வருடம் பேனாவைத் திரைக்குள் புதைப்பதுபோல அழுத்திக்கொண்டிருந்தவன். இந்த ஒரு மாற்றம்தான் அதை நிறுத்தியது.

கோடு நடுங்குகிறது

வேகமாக வரைந்தால் சரியாக வருகிறது, மெதுவாகச் சாய்வுக் கோடு போட்டால் மட்டும் பாம்புபோல நெளிகிறது என்றால், உங்கள் கை நடுங்கவில்லை. திரைக்குள் இருக்கும் உணரிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக இருக்கின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிப் இருக்கும்போது இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தின் பிழைதான் அலையாகத் தெரிகிறது. பேட்டரி வைத்த பேனாக்களில் இது கொஞ்சம் அதிகம், மலிவானவற்றில் ரொம்ப அதிகம். ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டிலும் அதே நெளிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். நிப் மாற்றிப் பயனில்லை, ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நெளிவு திடீரென்று ஆரம்பித்திருந்தால் கதை வேறு. சார்ஜரில் மாட்டி வரைகிறீர்களா? கழற்றிவிட்டு அதே கோட்டைப் போடுங்கள். நம் வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர்தான் அதிகம். உலோக உடம்புள்ள டேப்லெட்டைத் தடவினால் விரலில் சுரசுரவென்று ஒரு கூச்சம் தெரியுமே, அந்த மின்கசிவே திரையின் உணர்வையும் குழப்பும். சார்ஜரைக் கழற்றியதும் கோடு நேரானால் சார்ஜரை மாற்றுங்கள்.

அடுத்து நிப்பைத் திருகிப் பாருங்கள். ஆப்பிள் பென்சிலில் நிப் கால் சுற்றுத் தளர்ந்திருந்தாலே கோடு துள்ளும், அழுத்தம் ஏறி இறங்கும். கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். எஸ் பென், வாகாம் என்றால் காந்தத்தைத் தேடுங்கள். டேப்லெட் உறையின் மூடியில் உள்ள காந்தம், மூடியை மடித்ததும் முதுகுப் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும்போது, சரியாக அந்த இடத்துக்கு மேலே கோடு கோணும். கோலத்தில் ஒரே மூலை மட்டும் கெட்டிருந்தால் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

கோடு அறுந்து அறுந்து விழுகிறது

தளர்ந்த நிப்தான் முதல் சந்தேகம். இரண்டாவது, ஃபிலிமுக்கு அடியில் குமிழியோ தூசியோ அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, கனமான கண்ணாடி. டெம்பர்ட் கிளாஸ் சாதாரணமாக 0.33 மில்லிமீட்டர் தடிமன். நல்ல பேனாவுக்கு அது தடையே இல்லை. ஆனால் மலிவுப் பேனா, அதன்மேல் சிலிக்கான் உறை, அதற்கடியில் கண்ணாடி என்று அடுக்கினால் மெல்லிய தொடக்கங்கள் காணாமல் போகும். உறையைக் கழற்றி முயன்று பாருங்கள். விரல் தொடுகையே மந்தமானால், சில சாம்சங் கருவிகளின் டிஸ்ப்ளே அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது.

எஸ் பென்னில் நிப் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் இருந்தாலும் இப்படி ஆகும். சில சமயம் திரையைத் தொடாமலேயே மை சிந்துவதுபோலக் கோடு விழும். இழுத்து எடுத்து, துடைத்து, திரும்பச் செருகுங்கள்.

கோடு நிப்புக்குத் தள்ளி விழுகிறது

புள்ளி வைத்த இடத்தில் மறுபடி வைத்தால் அரை மில்லிமீட்டர் விலகுகிறதா? தலையை நேர் மேலே கொண்டுவந்து பாருங்கள். அப்போது சரியாகத் தெரிந்தால் அது பார்வை விலகல். அடிப்படை ஐபேட்களில், உதாரணமாக 9, 10-ஆம் தலைமுறைகளில், மேல் கண்ணாடிக்கும் படம் தெரியும் தளத்துக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கிறது. ஏர், ப்ரோ, மினி மாடல்களில் இரண்டையும் ஒட்டியே செய்கிறார்கள். இடைவெளி உள்ள திரைமேல் கண்ணாடி கார்டு ஒட்டினால் விலகல் இன்னும் கூடும், ஆகவே அங்கே மெல்லிய ஃபிலிம்தான் சரி.

தலையை நேராக வைத்தும் விலகினால், திரையுள்ள வாகாமில் கேலிபரேஷன், அதாவது நிப் படும் இடத்தையும் கோடு விழும் இடத்தையும் பொருத்தும் வேலையை, அமைப்பில் போய்ச் செய்யுங்கள். நீங்கள் சாய்த்துப் பிடிக்கும் அதே கோணத்தில் பேனாவைப் பிடித்துச் செய்ய வேண்டும். ஐபேடில் ஊசிபோன்ற வேற்று நிப் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பழையதை மாட்டிப் பாருங்கள்.

நிறம் மங்கிவிட்டது, திரையில் மணல் தூவியதுபோல மினுங்குகிறது

மேட் ஃபிலிமின் மேடுபள்ளம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். வெளியிலிருந்து வரும் டியூப்லைட்டைச் சிதறடிப்பதால் கண் கூசாது. உள்ளிருந்து வரும் படத்தையும் சிதறடிப்பதால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளைப் பரப்பில் வானவில் பொடி தெரியும். இதற்கு மருந்து இல்லை. பேரம் பேசலாம், அவ்வளவுதான்: காந்தத்தில் ஒட்டி எடுக்கும் ஃபிலிம் வாங்கி, கோடு போடும்போது ஒட்டிவிட்டு, நிறம் போடும்போது எடுத்துவிடலாம். அதன் ஓரத்தில் தூசி புகும், நடுவில் லேசாகத் தூக்கும். எனக்கு அது பரவாயில்லை.

திரையில் கீறல்

பதறாமல் முதலில் அது எங்கே என்று பாருங்கள். நகம் மாட்டும் கீறல் ஃபிலிமின் ஓரத்தைத் தாண்டி வெறும் திரைக்கும் போகிறதா? ஃபிலிமோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் ஃபிலிமின் கீறல்தான், அதற்குத்தானே ஒட்டினோம்.

கார்டு பெட்டியில் '9ஹெச்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பென்சில் அளவு: 9ஹெச் பென்சிலைச் சாய்த்து அழுத்தி இழுத்தாலும் கீறல் விழாது என்று பொருள். கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. அதில் கண்ணாடி கிட்டத்தட்ட 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது 9ஹெச் கண்ணாடியையும் ஒரு மணல் துகள் கீறிவிடும். பிளாஸ்டிக் நிப் தானாகக் கண்ணாடியைக் கீறாது. நிப்பின் நுனியில் ஒட்டிக்கொண்ட துகள்தான் கீறும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்த ஒரு மே மாதம், மொட்டை மாடியில் உட்கார்ந்து வெறும் திரையில் வரைந்துகொண்டிருந்தேன். ஃபெல்ட் நிப். நிழல் போட நீளமாக ஒரு இழுப்பு இழுத்தபோது 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கை நிற்பதற்குள் ஏழு சென்டிமீட்டர் போய்விட்டது. நிப்பைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சுக்குள் கடுகில் கால்வாசி அளவு மணல். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது, வானம் வரையும்போதெல்லாம் சரியாக நடுவில் தெரியும். அன்றிலிருந்து வரைய உட்காரும் முன் திரையை ஒரு முறை ஊதித் துடைத்துவிட்டு, நிப்பையும் துணியில் ஒரு உருட்டு உருட்டிவிடுவேன். ஊசிமுனை உலோக நிப் வைத்திருப்பவர்கள் வெறும் திரையில் அதைத் தொடவே வேண்டாம்.

டக் டக் என்று சத்தம்

புள்ளி வைத்து நிழல் போடுபவர்கள் வீட்டில் மற்றவர்கள் தூங்க முடியாது. சிலிக்கான் உறை மாட்டுங்கள். டேப்லெட்டுக்கு அடியில் ஒரு துண்டு மடித்துப் போட்டாலே பாதி குறையும், மேஜைதான் மேளம்.

கை பட்டால் கோடு, வியர்த்தால் ஒட்டல்

நம் ஊர் வெயிலில் உள்ளங்கை ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு இழுபடும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மூடும் இரண்டு விரல் கையுறை போதும்; பழைய சாக்ஸை வெட்டியும் செய்துகொள்ளலாம். கோடு விழுவதை நிறுத்த, ஆப்பின் அமைப்பில் விரலால் வரைவதை அணைத்துவிடுங்கள்.

குமிழி, தூசி, தூக்கிய ஓரம்

குளியலறையில் வெந்நீர்க் குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டு, ஆவி அடங்கியதும் உள்ளே போய் ஒட்டுங்கள். காற்றில் மிதக்கும் தூசி ஈரத்தில் படிந்திருக்கும். ஃபேனை நிறுத்த மறக்கக் கூடாது. உள்ளே தூசி மாட்டிக்கொண்டால், அந்தப் பக்க ஓரத்தை மட்டும் தூக்கி, செல்லோடேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுத்து, பழையபடி படியவிடுங்கள். நடுவில் நிற்கும் சின்னக் காற்றுக் குமிழிகள் ஓரிரு நாளில் தாமாக மறையலாம். நடுவில் புள்ளி தெரியும் குமிழி மறையாது, அது தூசி.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை

ஃபிலிமை உரித்து வெறும் திரையில், புது நிப்போடு, சார்ஜர் இல்லாமல், வேறு ஆப்பில் கோலத்தைப் போடுங்கள். அப்போதும் அதே இடத்தில் பிசகினால் திரை. இடம் மாறி மாறிப் பிசகினால் பேனா. நண்பரின் பேனாவை ஐந்து நிமிடம் இரவல் வாங்கினால் உறுதியாகிவிடும். பேனா எப்போதாவது நுனி கீழாகத் தரையில் விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அழுத்த உணரி அந்த முனைக்குப் பின்னால்தான் இருக்கிறது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கெட்டிருக்கும். சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் கோலம் போடுவதை இன்னொரு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் அவர்கள் கையில் எடுத்து இரண்டு கிறுக்குக் கிறுக்கும்போது கோடு கச்சிதமாக விழும்.